விலகல் பூஜ்ஜியம்

அந்த மருத்துவமனையின் கதிர்வீச்சுப் பிரிவில் சாமி படம் மாட்டக் கூடாது என்று ஒரு சுற்றறிக்கை உண்டு. விஞ்ஞானம் நடக்கிற இடமாம். அதனால் வரவேற்பறைச் சுவரில் ஏற்கெனவே அடித்திருந்த ஆணி கொஞ்ச காலம் வேலையில்லாமல் இருந்தது. பிறகு அதில் ஒரு சிறுநீர்ப்பையின் ஸ்கேன் படத்தை மாட்டினார்கள்.

கண்ணாடி போட்ட படம். மேலே சின்னதாக ஒரு விளக்கு. கறுப்புக்கும் சாம்பலுக்கும் நடுவே ஒரு பூசணிக்காய் கம்பீரமாக உட்கார்ந்திருப்பது போல இருக்கும். கீழே ‘இவ்வாறு இருத்தல் வேண்டும்’ என்று எழுதியிருந்தது. யாருடையது என்று எழுதவில்லை.

அது ஒரு பஸ் கண்டக்டரம்மாவுடையது. தினமும் காலையில் அவள் தன்னுடைய சிறுநீர்ப்பைக்கு நேர் கீழே போட்ட நாற்காலியில் உட்கார்ந்து, தானும் அதைப் போல ஆக வேண்டும் என்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

நடந்தது இதுதான். கண்டக்டரம்மாவுக்குக் கர்ப்பப்பை வாயில் புற்று. சீக்கிரமே கண்டுபிடித்தாயிற்று, கதிர்வீச்சு கொடுத்தால் குணமாகிவிடும் என்று பிரிவின் தலைவரான பெரிய டாக்டரே சொன்னார். “ஆனா ஒரு விஷயம். ஆரம்பிச்சா நடுவுல விடக் கூடாது. விட்டு விட்டு அடிச்சா கட்டி தெம்பு ஏத்திக்கும்” என்றார். கூட வந்திருந்த கணவர் அதைக் கேட்டு, தன் லீவு முழுவதையும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார். அவர் அதே பஸ்ஸுக்கு டிரைவர். கல்யாணத்துக்கு முன்னால் அவளைக் ‘கண்டக்டரே’ என்று கூப்பிட ஆரம்பித்தவர், பின்னால் மாற்றிக்கொள்ளவில்லை. அவளும் அவரை ‘டிரைவரே’ என்பாள். வீட்டுக்கு வரும் விருந்தாளிகள் டிப்போவுக்குள் நுழைந்துவிட்டோமோ என்று ஒரு நிமிடம் தயங்குவார்கள்.

சிறுநீர்ப்பை இதில் எங்கே வருகிறது என்பதை மெஷின் ரூமில் இருந்த டெக்னீஷியன் பெண் விளக்கினாள்.

“பை நிறைஞ்சிருந்தா குடல மேல தள்ளிடும்மா. குடல்ல கதிர் படாது. கர்ப்பப்பையும் தினம் ஒரே எடத்துல இருக்கும். பை சுருங்கிடுச்சுன்னா உள்ள எல்லாமே நகர்ந்துடும். நாங்க ஒரு எடத்துக்குக் குறி வெச்சிருப்போம், கட்டி வேற எடத்துல இருக்கும்.”

“புரியுது. பஸ் நிக்கிற எடத்துல ஸ்டாப்பிங் இருக்கணும். ஸ்டாப்பிங் எழுந்து நடக்கக் கூடாது.”

“அதேதாம்மா. முதல்ல ஒரு ஸ்கேன் எடுப்போம். அதுல பை எவ்வளவு நிறைஞ்சிருக்கோ, அத வெச்சுத்தான் திட்டம் போடுவாங்க. அப்புறம் தினமும் அதே அளவு நிறைஞ்சிருக்கணும்.”

சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. உலகம் முழுக்க அப்படித்தான் செய்கிறார்கள். இந்த மருத்துவமனையின் தனிச் சிறப்பு, அந்த முதல் ஸ்கேன் நாளைத் தேர்ந்தெடுத்ததில் இருந்தது. அன்றைக்குத் தரச்சான்றுக் குழு வந்திருந்தது.

பெண்கள் எல்லோரும் அளந்து கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். குழு மெஷினைப் பார்த்தது. மெஷின் இருக்கும் அறையைப் பார்த்தது. அறையின் கதவைப் பார்த்தது. கதவில் ‘கதவு’ என்று எழுதவில்லையே என்று கேட்டது. எழுதினார்கள். பூங்கொத்து, உரை, நன்றியுரை, நன்றியுரைக்குப் பதிலுரை. இதற்குள் வரிசையில் இருந்த பெண்கள் ஒவ்வொருத்தியாக எழுந்து, கும்பிட்டு, கெஞ்சி, ஓடிப் போனார்கள். கண்டக்டரம்மா மட்டும் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அது வேலை. காலை முதல் ட்ரிப்பில் ஏறினால் மதியம் டிப்போவுக்குத் திரும்பும்வரை அடக்குவது, அங்கே கழிப்பறையைப் பார்த்துவிட்டு மறுபடியும் அடக்குவது என்று இளமை முழுவதையும் கழித்தவள்.

கடைசியில் அவளை ஸ்கேனில் படுக்க வைத்தபோது டெக்னீஷியன் பெண் திரையைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டாள்.

“அம்மா! வலிக்கலையா?”

“பழகிடுச்சு கண்ணு. எங்க டிப்போல லேடீஸ் பாத்ரூம் கட்டறேன்னு சொல்லியிருக்காங்க. நான் வேலைக்குச் சேர்ந்தப்பவே சொல்லியிருக்காங்க.”

டெக்னீஷியன் பெண், போய்க் கொஞ்சம் குறைத்துவிட்டு வரச் சொல்லலாம் என்று நினைத்தாள். அதற்குள் தரச்சான்றுக் குழு உள்ளே வந்து திரையைப் பார்த்துவிட்டது. “அருமை” என்றது. குழு அருமை என்று சொன்னதை யாரால் குறைக்க முடியும்? திட்டம் அந்தப் படத்தை வைத்தே போடப்பட்டது. படம் ஆணிக்குப் போனது.

முதல் சில நாட்கள் கண்டக்டரம்மா சமாளித்தாள். வீட்டிலிருந்தே குடித்துக்கொண்டு வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு பூசணிக்காயாகிப் படுத்தாள். மெஷின் சுற்றியது. பிறகு கதிர் தன் வேலையைக் காட்டியது. கதிர் படுகிற இடத்தில் பையும் கொஞ்சம் வெந்துபோகும், எரியும், அடிக்கடி வரும் என்று பெரிய டாக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். சொன்னவர்கள்தான் அது எரியக் கூடாது என்றும் எதிர்பார்த்தார்கள்.

பூசணிக்காய் தேங்காயானது. தேங்காய் எலுமிச்சம்பழத்தை நோக்கி நகர்ந்தது.

மெஷினில் படுக்க வைப்பதற்கு முன்னால் அடிவயிற்றில் ஒரு சின்னக் கருவியை வைத்து, பை எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று பார்ப்பார்கள். வைக்கிறவர் நீர்ப் பொறுப்பாளர். முன்பு லிஃப்ட் பொறுப்பாளராக இருந்தவர். லிஃப்ட் நிரந்தரமாக நின்றுபோனதால் நீருக்கு மாற்றியிருந்தார்கள். நோயாளிகளுக்கான கழிப்பறையைப் பூட்டி, அந்தச் சாவியை இடுப்பில் செருகியிருப்பார். நிரப்பியதை யாரும் தன்னிச்சையாக வெளியேற்றிவிடக் கூடாது என்ற முன்யோசனை.

“குறையுது” என்றார் அவர்.

“முடிஞ்ச வரைக்கும் குடிச்சேன் சார்.”

“குடிச்சது இருக்கட்டும். அடக்கினது எங்க? படத்தப் பாருங்க, உங்களப் பாருங்க.”

“அதுவும் நான்தான் சார்.”

“அது நீங்க இல்லம்மா. அது திட்டம்.”

“மறுபடி குடிக்கட்டுமா?”

“குடிங்க. ஆனா உங்க நேரம் போயிடுச்சு. நாளைக்கு வாங்க.”

டிரைவர் குறுக்கே வந்தார். “சார், நடுவுல விடக் கூடாதுன்னு பெரிய டாக்டர் சொல்லியிருக்காரே.”

“நாங்க எங்க சார் விட்டோம்? மெஷின் ரெடி, ஆள் ரெடி, கரன்ட் இருக்கு. உங்க வீட்டம்மா ரெடியில்ல.”

அன்றைக்குத் திரும்பினார்கள். மறுநாளும் திரும்பினார்கள். நடுநடுவே ஒரு நாள் எப்படியோ நிரம்பிவிடும், மெஷின் சுற்றும், மறுபடியும் இரண்டு மூன்று நாள் ‘குறையுது’. வீட்டில் அவள் இரவு படுக்கையில் துணி விரித்துப் படுத்தாள். பகலில் அடக்கிப் பழகினாள். ஒரு நாள் சமையலறையில் நின்றபடியே போய்விட்டது. பூனை தட்டிவிட்ட தண்ணீர் என்றாள். அந்த வீட்டில் பூனை கிடையாது. டிரைவர் துணி எடுத்து வந்து துடைத்தார்.

“டிரைவரே, கட்டி பெருசாகுமா?”

“அதெல்லாம் ஆகாது கண்டக்டரே.”

“தெம்பு ஏத்திக்கும்னாரே.”

“பொதுவா சொன்னாரு. உன் கட்டியப் பத்தியா சொன்னாரு?”

மருத்துவமனை சும்மா இருந்தது என்று யாரும் சொல்லிவிட முடியாது. முதல் நாள் நிரம்பியவள் இப்போது ஏன் நிரம்புவதில்லை என்று தீவிரமாக ஆராய்ந்தார்கள். முதல் நாளில் இருந்த சூழ்நிலை இப்போது இல்லை என்று நீர்ப் பொறுப்பாளர் கண்டுபிடித்தார். சூழ்நிலையைத் திரும்பக் கொண்டுவருவது என்று முடிவாயிற்று.

அடுத்த நாள் கண்டக்டரம்மாவை, முதல் ஸ்கேன் அன்று கட்டியிருந்த அதே பச்சைப் புடவையில் வரச் சொன்னார்கள். தரச்சான்றுக் குழுவாகக் கணக்குப் பிரிவைச் சேர்ந்த மூன்று பேர் கோட்டு மாட்டிக்கொண்டு வந்தார்கள். மெஷினைப் பார்த்தார்கள். அறையைப் பார்த்தார்கள். கதவில் ‘கதவு’ என்று எழுதியிருந்ததால், அதை அழித்துவிட்டு, ஏன் எழுதவில்லை என்று கேட்டார்கள். பூங்கொத்துக்குப் பதிலாகத் துடைப்பத்தை நீட்டினார்கள், ஒத்திகைதானே என்று. நன்றியுரை தொடங்கும்போது கண்டக்டரம்மாவின் பச்சைப் புடவை கீழ்ப்பக்கம் கரும்பச்சையானது.

அவள் எழுந்திருக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். நன்றியுரை ஆற்றிய கணக்குப் பிரிவு ஆள் நல்ல மனிதர். பார்க்காதது போல மேல்கூரையைப் பார்த்தபடி உரையை முடித்தார்.

“ஒத்துழைப்பு போதல” என்று நீர்ப் பொறுப்பாளர் குறித்துக்கொண்டார்.

ஒத்துழைப்பு போதாதவர்களுக்காக ஒரு வகுப்பு ஏற்பாடானது. கம்பெனிகளில் ஊழியர்களுக்குத் தன்னம்பிக்கை ஊட்டும் பேச்சாளர் ஒருவர் வந்தார். இந்தப் பெண்களுக்கு என்ன வியாதி என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. தலைப்பை மட்டும் சொல்லியிருந்தார்கள். “அடக்கம் என்பது பலவீனம் இல்ல! அடக்கம்தான் பலம்!” என்று மேடையில் இங்கும் அங்கும் நடந்தார். “எல்லாரும் கண்ண மூடுங்க. ஒரு பெரிய அருவிய நினைச்சுக்குங்க. தண்ணி கொட்டுது… சோன்னு கொட்டுது…”

வகுப்பில் பாதி காலியானது.

டெக்னீஷியன் பெண் பொறுத்துப் பார்த்தாள். பிறகு பெரிய டாக்டர் தலைமையில் நடந்த நீர்நிலைக் குழுக் கூட்டத்தில் எழுந்து நின்றாள். கண்டக்டரம்மாவையும் டிரைவரையும் விளக்கம் கேட்பதற்காகக் கூப்பிட்டு ஓரமாக உட்கார வைத்திருந்தார்கள்.

“சார், அன்னைக்கு அவங்களுக்குப் பை அளவுக்கு மேல நிறைஞ்சிருந்துச்சு. அந்த அளவு யாராலயும் தினம் வராது. இப்ப என்ன வருதோ அத வெச்சுப் புதுசா ஒரு ஸ்கேன் எடுத்து, வேற திட்டம் போட்டுடலாம் சார். ஒரு காலைல முடிஞ்சிடும்.”

பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார்.

“புது ஸ்கேன்னா பழைய ஸ்கேன் தப்புன்னு அர்த்தம். அப்படித்தானே?”

“தப்புன்னு இல்ல சார்…”

“தரச்சான்றுக் குழு அருமைன்னு சொன்ன ஸ்கேன். வரவேற்பறைல மாட்டியிருக்கோம். வெளியூர் கருத்தரங்குல நானே அதக் காட்டிப் பேசியிருக்கேன். கைத்தட்டினாங்க. இப்ப போய் அத மாத்தினா கைத்தட்டினவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?” அவர் குரல் உண்மையிலேயே தழுதழுத்தது. “படம் தப்பாகாதும்மா. மனுஷங்கதான் தப்பாவாங்க. நான் இந்தத் துறைக்கு என் வாழ்க்கையக் கொடுத்திருக்கேன். கட்டுப்பாடு. அதுதான் எல்லாம். ஒரு மனுஷனுக்குத் தன் உடம்பு மேல கட்டுப்பாடு இல்லேன்னா… ஒரு நிமிஷம்.”

எழுந்து வெளியே போனார். அறைக்கு எதிரே டாக்டர்களுக்கான கழிப்பறை இருந்தது. கொஞ்ச நேரத்தில் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தார். “எங்க விட்டேன்?”

“கட்டுப்பாடு சார்” என்றார் நீர்ப் பொறுப்பாளர்.

அந்தக் கூட்டத்தில் பெரிய டாக்டர் மூன்று முறை எழுந்து போனார். வயசானால் அப்படித்தான், அதைக் குற்றம் சொல்லக் கூடாது. மூன்றாவது முறை அவர் போனபோது டிரைவர் கண்டக்டரம்மாவின் காதில், “இவரு நம்ம பஸ்ல ஏறினா ஸ்டாப்பிங் ஸ்டாப்பிங்கா நிறுத்தணும் போல” என்றார். அவள் சிரிப்பை அடக்கினாள். அடக்கியதில் வேறொன்றை அடக்க முடியாமல் போனது. முந்தானையைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டாள். கூட்டம் கலையும்வரை எழுந்திருக்கவில்லை.

புது ஸ்கேன் பற்றிப் பரிசீலிக்க ஒரு துணைக்குழு அமைக்கப்பட்டது. துணைக்குழுவின் முதல் கூட்டத்துக்கு ஆள் சேரவில்லை. இரண்டாவது கூட்டம் தள்ளிப்போனது, ஏனென்றால் அந்த வாரம் விழா.

அந்தப் பிரிவுக்கு ஒரு விருது கிடைத்திருந்தது. சிகிச்சை பெற்ற அத்தனை நோயாளிகளிலும் திட்டத்துக்கும் உடம்புக்கும் இடையில் விலகல் பூஜ்ஜியம். எங்கேயும் நடக்காத சாதனை. அரங்கத்தில் கூட்டம் குறைவாக இருந்ததால், தண்ணீர் குடித்துவிட்டுக் காத்திருந்த பெண்களை அழைத்து வந்து உட்கார வைத்தார்கள். அன்றைக்கு மெஷினுக்கு லீவு என்பது அவர்களுக்கு நாற்காலியில் உட்கார்ந்த பிறகே தெரிந்தது.

விருதைத் தந்தவர் மேடையிலேயே கேட்டார்: “எப்படி சார் இது சாத்தியமாச்சு?”

“ரொம்ப எளிமை” என்றார் பெரிய டாக்டர், மைக்கைச் சரிசெய்துகொண்டே. “விலகுறவங்களுக்கு நாங்க சிகிச்சை கொடுக்கிறதே இல்ல.”

கைத்தட்டல் வெகுநேரம் நீடித்தது. கண்டக்டரம்மாவும் தட்டினாள். பக்கத்தில் எல்லோரும் தட்டும்போது சும்மா இருந்தால் நன்றாக இருக்காது. டிரைவர் மட்டும் தட்டவில்லை. அவர் அந்த வாக்கியத்தை மனத்துக்குள் திருப்பித் திருப்பி ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் எங்கேயோ அவருக்கு உறைத்திருக்க வேண்டும். விழா முடிந்ததும் பெரிய டாக்டரின் காருக்கு முன்னால் போய் நின்றார். விலகச் சொல்லி ஹாரன் அடித்தார்கள். வாழ்நாள் முழுவதும் ஹாரன் அடித்தவரை ஹாரன் என்ன செய்யும்?

“ஐயா, ஒரு ஸ்கேன் எடுத்துக் குடுத்துடுங்க. உங்க படம் அங்கயே இருக்கட்டும். அதத் தப்புன்னு நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். இன்னொண்ணு எடுத்துக் குடுங்க. அவ முன்ன மாதிரி இல்லைங்க ஐயா.”

கையில் விருது இருந்ததால் பெரிய டாக்டர் இளகியிருந்தார். சரி என்றார்.

புது ஸ்கேனுக்குக் கண்டக்டரம்மா பயந்துகொண்டே படுத்தாள். “கொஞ்சம்தான் கண்ணு இருக்கு” என்றாள். டெக்னீஷியன் பெண் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “எவ்வளவு இருக்கோ அது போதும்மா. அத வெச்சே திட்டம் போடறோம். இனிமே தினம் இவ்வளவு இருந்தா சரி.”

“இதத்தான் முன்னாடியே…” என்று ஆரம்பித்த கண்டக்டரம்மா, அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். மெஷின் மெல்ல உள்ளே இழுத்துப் போனது. வெளியே கண்ணாடிக்கு அப்பால் டெக்னீஷியன் பெண் திரையைப் பார்த்தாள். எலுமிச்சம்பழ அளவில் பை ஒழுங்காகத் தெரிந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. அதற்கு மேலே, முதுகெலும்பை ஒட்டி, முந்தைய படத்தில் இல்லாத இடங்களில், சின்னச் சின்னதாக வரிசை கட்டி நின்றவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு நாள் கழித்துப் பெரிய டாக்டர் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். இந்த முறை அவரே நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“உங்களுக்கு ஒரு விஷயம். இனிமே நீங்க அடக்க வேண்டியதில்ல.”

கண்டக்டரம்மாவின் முகம் மலர்ந்தது. “நிஜமாவா டாக்டர்?”

“தண்ணி குடிச்சிட்டு வரவேண்டாம். தினமும் வரவேண்டாம். மெஷின் வேண்டாம்னு முடிவு பண்ணியிருக்கோம். மாத்திர தர்றோம். வலி வராம பாத்துக்கலாம்.”

“அப்ப கட்டி?” என்றார் டிரைவர்.

பெரிய டாக்டர் திரையை அவர்கள் பக்கம் திருப்பினார். பேனா முனையால் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். டிரைவர் அந்தப் பேனா மேலே மேலே ஏறுவதைப் பார்த்தார்.

“இது மொதல்லயே இருந்துச்சா டாக்டர்?” என்றாள் கண்டக்டரம்மா.

“இல்ல. முதல் படத்துல இது எதுவுமே கிடையாது.” அவர் குரலில் ஒரு நிம்மதி தெரிந்தது. “அந்தப் படத்துல ஒரு குறை சொல்ல முடியாது.”

அவள் தலையை ஆட்டினாள். பிறகு ஒன்று கேட்டாள். “அப்ப என் பேரு விலகினவங்க பட்டியல்ல வருமா?”

“சேச்சே. சிகிச்சையே முடியலயே. உங்கள எந்தப் பட்டியல்லயும் சேர்க்க மாட்டோம்.”

நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தார்கள். வரவேற்பறையில் வழக்கமான வரிசை. கடைசி நாற்காலியில், சமீபத்தில் சேர்ந்த ஒரு இளம்பெண், குடித்து முடித்து, முட்டிகளைச் சேர்த்து, நாற்காலியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். நெற்றியில் வியர்வை. கண்டக்டரம்மா வெறுங்கையோடு, அவசரம் எதுவும் இல்லாமல் நடந்து வருவதை அவள்தான் முதலில் கவனித்தாள்.

“என்னக்கா, தண்ணி குடிக்கலயா?”

“எனக்கு இனிமே வேண்டாமாம் கண்ணு. அடக்கவும் வேண்டாம்னுட்டாங்க.”

வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது.

“குடுத்து வெச்சவங்கக்கா நீங்க” என்றாள் அந்தப் பெண். மனதாரச் சொன்னாள்.

டிரைவரால் பொறுக்க முடியவில்லை. அவர் உதடு கோணியது. “இல்லம்மா, அவளுக்கு…” என்று ஒரு அடி முன்னால் வைத்தார்.

கண்டக்டரம்மா அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

“சும்மா வாங்க டிரைவரே” என்றாள் தணிந்த குரலில். “பாவம், கஷ்டப்பட்டு நிரப்பி வெச்சிருக்கா. அழ வெச்சிடாதீங்க. குறைஞ்சிடப் போகுது.”